இடச் சிறகு

“நாற்பத்தைந்து வயதில், அதுவும் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு, விளையாட்டு விமானம் கட்டுவதுதானா வேலை?” என்று எம்மைக் கேட்டவர் ஒருவரல்லர். எமது துணைவியாரும் அவர்களுள் அடக்கம். கேள்வி நியாயமானதே. இருபது ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பித்து வரும் நாம், பறக்கும் பொருளொன்றின்மேல் தொழிற்படும் நான்கு விசைகளையும் கரும்பலகையில் எத்தனையோ நூறு முறை வரைந்திருப்போம். ஆயின், பறக்கும் பொருளொன்றை எமது கையாற் செய்தது சிறுவயதிற் கட்டிய பட்டங்களோடு நின்றுவிட்டது. அப்படியிருந்த நாம் விமானம் கட்டப் புகுந்த கதையையும், அதில் எமக்கு நேர்ந்த வெட்கத்தையும் மறைக்காமற் சொல்ல எண்ணுகிறோம்.

2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சுவிற்சர்லாந்தில் வாழும் எமது அண்ணருக்கு இருதயத்திற் சத்திரசிகிச்சை செய்ய நேர்ந்தது. அண்ணியார் வேலைக்குப் போகவேண்டியவர். வீட்டில் உதவிக்கு ஆளில்லை. சம்பளமற்ற விடுமுறை பெற்று நாம் போய்ச் சேர்ந்தது பெப்ரவரி 4ஆந் திகதி. விசா தொண்ணூறு நாட்களுக்கு. இந்தத் தொண்ணூறு என்ற எண்ணை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் நேர்ந்த பிழைக்கு அதுவும் ஒரு காரணம்.

அண்ணருக்கு ஒரே மகன், பதின்மூன்று வயது. எம்மைக் கண்டதும் “வாங்கோ சித்தப்பா” என்றான். அதன்பின் மூன்று நாட்களுக்கு ஒன்றும் பேசவில்லை. எமது தமிழ் அவனுக்கு வேகம். அவனது தமிழ் எமக்குச் சுருக்கம். பள்ளிக்கூடத்தால் வந்ததும் மாடிப்படி இறங்கி எங்கோ போய்விடுவான். ஒருநாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவதற்காக அவன் பின்னே நாமும் இறங்கினோம்.

அந்த அடுக்குமாடி வீட்டின் அடியில் ஒரு நிலவறை இருக்கிறது. அதன் கதவு ஒரு சாண் தடிப்பான கொங்கிறீற்று. சுவரோரத்தில், மின்சாரம் நின்றாலும் கையாற் சுழற்றக்கூடிய காற்றூட்டும் இயந்திரம். குண்டுவீச்சிலிருந்தும் அணுக்கதிரிலிருந்தும் காப்பாற்றும் பொருட்டு, இத்தகைய காப்பறைகளை அமைக்கவேண்டுமென 1960களிலேயே அந்நாட்டார் சட்டம் இயற்றியிருக்கிறார்கள். யுத்தந்தான் அவர்களிடம் வரவில்லை. ஆகவே காப்பறைகளிற் பனிச்சறுக்குக் கட்டைகளும் பழைய சைக்கிள்களும் உருளைக்கிழங்குப் பெட்டிகளும் குடியிருக்கின்றன.

எமக்கு இவ்வகை அறைகள் புதியனவல்ல. 1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் நாம் மாணவராயிருந்த காலத்தில், பனங்குற்றிகளை அடுக்கி மண்மூட்டைகளால் மூடிய பதுங்குகுழி ஏறக்குறைய ஒவ்வொரு வளவிலும் இருந்தது. ஆகாயத்தில் இரைச்சல் கேட்டால் புத்தகத்தைப் போட்ட இடத்திற் போட்டுவிட்டு ஓடுவோம். எமது தலைமுறைக்கு விமானம் என்பது அண்ணாந்து பார்க்கும் பொருளாயிருந்ததில்லை. குனிந்து ஒளிவதற்குரிய பொருள். அந்த மண் மணத்தை நினைத்துக்கொண்டே கொங்கிறீற்றுக் கதவைத் தள்ளியபோது, உள்ளே முகட்டிலிருந்து நாலைந்து விமானங்கள் நூலிலே தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் கீழே மருமகனும் வெண்தலைப் பெரியவர் ஒருவரும் ஒரு மேசையிற் குனிந்திருந்தார்கள். (அண்ணன் மகனை மருமகன் என்பது முறையன்று என்பதை அறிவோம். ஆங்கிலத்தில் இருவருக்கும் ஒரே சொல்லாதலின், அங்குள்ளோர் சொல்லிச் சொல்லி எமது நாவிலும் அது ஒட்டிவிட்டது. இனித் தம்பி என்றே எழுதுகிறோம். வீட்டிலும் அவனை அப்படித்தான் அழைப்போம்.)

பெரியவர் மூன்றாம் மாடியில் வசிப்பவர். இயந்திரத் தொழிலாளராயிருந்து இளைப்பாறியவர். அவருக்கு ஜேர்மன் மொழியன்றி வேறு தெரியாது. எமக்கு அது தெரியாது. எனவே தம்பியே இருவருக்கும் நாவானான். நாம் பௌதிக ஆசிரியர் என்று அவன் சொன்னதும், பெரியவர் அலுமாரியின் மேலிருந்து சுருள் ஒன்றை எடுத்து விரித்தார். பழுத்துப்போன தாளில், மெய்யளவில் வரையப்பட்ட ஒரு விமானத்தின் வரைபடம். ‘ஓரியன்’ என்பது அதன் பெயர்.

இந்த ஓரியனுக்கு ஒரு வரலாறு உண்டு. வானொலிக் கட்டுப்பாட்டு மாதிரி விமானங்களுக்கான முதலாவது உலகச் சாகசப் பறப்புப் போட்டி 1960ஆம் ஆண்டில் நடைபெற்றது. இடம், அண்ணர் வீட்டிலிருந்து புகைவண்டியிற் சில தரிப்பிடங்களே தள்ளியுள்ள டூபென்டோர்ப் விமானத்தளம். 1910ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட பழம்பெருந் தளம் அது. அங்கே முதற்பரிசைப் பெற்றவர் எட் கஸ்மிர்ஸ்கி என்ற அமெரிக்கர். அவர் தாமே வகுத்துக் கட்டிப் பறக்கவிட்ட விமானமே ஓரியன். அன்று பார்வையாளர் கூட்டத்தில், சைக்கிளில் வந்து வேலியோரத்தில் நின்ற பதின்மூன்று வயதுப் பையன்களுள் எமது பெரியவரும் ஒருவராம். வரைபடத்தைப் பின்னொருநாள் வாங்கி வைத்தவர், தொழில், குடும்பம் என்று காலம் கடந்துபோக, கட்டாமலே விட்டுவிட்டார். இப்போது கை நடுங்குகிறது. மெல்லிய பலகையை வெட்ட முடியவில்லை. “நீங்கள் இருவரும் கட்டுங்கள்; நான் பார்த்துச் சொல்கிறேன்” என்றார்.

அக்காலத்து வானொலிக் கருவி இக்காலத்தது போன்றதன்று. இப்போது பிடியை எவ்வளவு சாய்க்கிறோமோ அவ்வளவுக்கே விமானத்தின் துடுப்பும் அசையும். அப்போதோ முன்னணிப் போட்டியாளர் பலர் பயன்படுத்தியது அதிர்நாக்குக் கருவி. வெவ்வேறு சுருதிக்கு அதிரும் மெல்லிய உலோக நாக்குகள் சில, சீப்பின் பற்களைப் போல விமானத்தினுள் வரிசையாக இருக்கும். தரையிலிருந்து எந்தச் சுருதி அனுப்பப்படுகிறதோ அதற்குரிய நாக்கு அதிர்ந்து ஒரு மின்சுற்றை மூடும். அவ்வளவுதான். துடுப்பு முழுவதும் திரும்பும்; அல்லது திரும்பவே திரும்பாது. இடைநிலை கிடையாது. ஆகவே பறப்பவர் ஆளியைத் தட்டித் தட்டித்தான் சற்றே திருப்பம் உண்டாக்க வேண்டும், தந்தி அடிப்பவரைப் போல. இப்படித் தட்டியே வட்டமடித்து, உருண்டு, தலைகீழாகவும் பறந்து காட்டினார்கள் என்பதைக் கேட்டபோது எமக்கு வியப்பு மேலிட்டது. பற்றரிக்குத் தடையிருந்த ஆண்டுகளில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைக் கையாற் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டவர்கள் நாம். குறைந்த கருவியைக் கொண்டு நிறைந்த வேலை செய்பவரிடம் எமக்கு எப்போதும் ஓர் உறவு உண்டு.

வேலையைத் தொடங்கியது பெப்ரவரிக் கடைசியில். பால்சா என்ற மரத்தை முதன்முதற் கையில் எடுத்தோம். தென்னமெரிக்காவில், பெரும்பாலும் எக்குவடோரில், வளரும் இம்மரம், ஒரே கனவளவுள்ள நீரின் நிறையில் ஆறிலொரு பங்களவே இருக்கும். எமது வேலிகளில் நிற்கும் முள்முருக்குக்கூட இதனிடம் தோற்றுவிடும். ஆயினும் எல்லாப் பலகையும் ஒன்றல்ல. பெரியவர் ஒவ்வொன்றையும் தராசில் வைத்து நிறுத்தார், வளைத்துப் பார்த்தார், வெளிச்சத்திற்குப் பிடித்து நாரோட்டம் பார்த்தார். கனமானவை சிறகின் நெடுஞ்சட்டங்களுக்கு. இலேசானவை வாலுக்கு, ஏனெனில் வாலிற் கூடும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கிலே அதனினும் பன்மடங்கு நிறையை ஏற்றியே சமநிலை காணவேண்டும். நெம்பின் தத்துவத்தை ஆண்டுதோறும் கற்பிக்கும் எமக்கு, அதை ஒருவர் மரக்கடையிலேயே நினைத்துப் பலகை தெரிவார் என்பது தோன்றியதில்லை.

சிறகின் விலாக்களைத் தம்பியும் நாமும் சேர்ந்து வெட்டினோம். வரைபடத்தின்மேல் மெழுகுதாளை விரித்து, அதன்மேலே குண்டூசிகளால் விலாக்களையும் சட்டங்களையும் நிறுத்தி, வெள்ளைப் பசையால் ஒட்டுவது முறை. இங்கேதான் ஒரு நுட்பம். சாதாரண விமானச் சிறகின் அடிப்பக்கம் ஏறக்குறையத் தட்டையாயிருக்கும், பலகையிற் படுத்துக்கொள்ளும். சாகச விமானத்துக்கு மேலும் கீழும் ஒரே வளைவு வேண்டும். அப்போதுதான் நிமிர்ந்து பறப்பது போலவே தலைகீழாகவும் பறக்கும். ஆனால் இருபுறமும் வளைந்த சிறகு பலகையிற் படுக்காது. அதன் பின்விளிம்பு அந்தரத்தில் நிற்கும். ஆகவே ஒவ்வொரு விலாவின் முனைக்குக் கீழும் அளவெடுத்த சிறு உதைகட்டை வைத்தாக வேண்டும். சிறகின் முன்பாகத்தை மேலும் கீழும் மெல்லிய பலகையாற் போர்த்திவிட்டால் அது ஒரு குழாயைப் போல மூடிக்கொள்ளும். பின்னர் எவராலும் முறுக்க முடியாது. எந்த வடிவில் மூடினோமோ அந்த வடிவிலேயே உறைந்துவிடும். நேராயிருந்தால் நேர், கோணலாயிருந்தால் கோணல்.

மார்ச் மாதம் மூன்றாம் வாரம். எமக்கு எஞ்சியிருந்தவை நாற்பத்து மூன்று நாட்கள். அண்ணர் எழுந்து நடமாடத் தொடங்கியிருந்தார். நாம் போவதற்கிடையில் விமானம் பறக்கவேண்டும் என்பது தம்பியின் ஆசை. உண்மையைச் சொன்னால் அதனிலும் எமது ஆசை. மட்டமான பலகை ஒன்றே இருந்தது. இடச் சிறகின் மேற்போர்வை முடிந்து, அதைக் கவிழ்த்துக் கீழ்ப்போர்வை ஒட்டவேண்டிய இரவு அது. தம்பி உறங்கப் போய்விட்டான். நாம் தனியே இருந்தோம். பலகையில் வலச் சிறகைத் தொடங்கிவிட்டால் இரண்டு நாட்கள் மிஞ்சுமே என்று எண்ணி, உதைகட்டைகளை உருவி வலச் சிறகுக்கு வைத்தோம். இடச் சிறகை மேசையின் ஓரத்திற் சும்மா கிடத்திக் கீழ்ப்போர்வையை ஒட்டிவிட்டோம்.

காலையிற் பார்த்தபோது, மேசையில் வைத்த சிறகு ஒரு மூலையில் ஆடியது. நாம் கண்டோம். கண்டுங் காணாதவர்போல அதைச் சுவரோடு சாத்தினோம். அன்று பகல், அண்ணருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டே, ஒரு தாளிற் கணக்கும் போட்டோம். எலரோன் எனப்படும் சிறகுத் துடுப்பைச் சற்றே திருப்பி வைத்தால் இந்த முறுக்கை ஈடுசெய்துவிடலாம் என்று கணக்கு வந்தது. கணக்குச் சரியே. பிழையை மறைக்கக் கணக்குப் போடுகிறவனுக்குக் கணக்கு எப்படியும் சரியாகவே வரும்.

ஏப்ரல் முதல் வாரத்தில் இரு சிறகுகளையும் நடுவில் இணைக்கும் நாள் வந்தது. பெரியவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணாற் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். அளவுகோலை வைத்தார். இடச் சிறகின் நுனியிற் பின்விளிம்பு ஆறு மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது. அவர் தம்பியை நோக்கி ஏதோ கேட்டார். தம்பி ஒரு சொல்லில் விடை சொன்னான். பெரியவர் அவனுடைய தோளிற் தட்டிவிட்டு விளக்கை அணைத்தார்.

மாடிப்படி ஏறும்போது, “என்ன கேட்டார்?” என்றோம்.

“இடப்பக்கம் ஆர் செய்தது எண்டு கேட்டவர்.”

“நீ என்ன சொன்னாய்?”

“நான்தான் எண்டு சொன்னனான்.” சற்று நின்று, “விலாவில அரைவாசி நான்தானே வெட்டினது சித்தப்பா? என்ரதுதான் பிழைச்சிருக்கும். நீங்கள் படிப்பிக்கிறனீங்கள்தானே” என்றான்.

அவன் எம்மைக் காப்பதற்காகப் பொய் சொல்லியிருந்தால் எமக்கு அவ்வளவு வலித்திராது. அவன் மெய்யாகவே அப்படி நம்பியிருந்தான். அந்தக் கணமே சொல்லியிருக்க வேண்டும். நாம் சொல்லவில்லை. “போய்ப் படு தம்பி” என்றோம்.

அன்றிரவு எமக்கு நித்திரை வரவில்லை. இருபது ஆண்டுகளில், ஆய்வுகூடத்தில் விடை பிழைத்தபோதெல்லாம், “நீ வாசிப்பைச் சரியாக எடுக்கவில்லை” என்று எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்போம்! அவர்களுள் எத்தனை பேரிடம் பிழையிருக்கவில்லை, நாம் கொடுத்த கருவியிலேயே பிழையிருந்தது என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணிக்கை கிடைக்கவில்லை, முகங்கள் சில கிடைத்தன.

மறுநாட் காலை பெரியவரின் கதவைத் தட்டினோம். மொழி தெரியாதவன் குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கும் மொழிபெயர்ப்பாளன் வேண்டும். எமக்கு வாய்த்த மொழிபெயர்ப்பாளன் யாரென்பதை வாசகர்கள் அறிவார்கள். “உதைகட்டையை எடுத்தது நான். இரவில் எடுத்தேன். காலையிற் கோணலைக் கண்டும் பேசாமல் இருந்தேன். தம்பி வெட்டிய விலாக்களிற் பிழையில்லை. இதை அப்படியே அவருக்குச் சொல்” என்றோம். முதல் வாக்கியத்தை அவன் உடனே சொன்னான். மூன்றாவதில் நின்றான். எம்மைப் பார்த்தான். “அதையும் சொல்லட்டோ?” என்றான். “சொல்லு” என்றோம்.

பெரியவர் சிரிக்கவுமில்லை, கடிந்துகொள்ளவுமில்லை. மேசை இழுப்பறையிலிருந்து சவரத் தகடு ஒன்றை எடுத்து எமது கையில் வைத்தார்.

எமது கணக்கை அவரிடம் காட்டியபோதுதான் அதில் நாம் விட்ட குறை தெரிந்தது. துடுப்பைத் திருப்பி வைத்தால் நேர்ப்பறப்பு நேராகலாம். ஆனால் விமானம் மெதுவாகும்போது, முறுக்கினாற் கூடிய கோணத்திற் காற்றைச் சந்திக்கும் சிறகே முந்தி உயர்த்து விசையை இழக்கும். நிமிர்ந்து பறக்கையில் இடச் சிறகு விழும். தலைகீழாகப் பறக்கையில் வலச் சிறகு விழும். தரையிறங்கும் நேரத்தில், நிலத்துக்கு இரண்டாள் உயரத்தில் இது நேர்ந்தால் திருத்துவதற்கு இடமேது? பெரியவர் இதைச் சூத்திரத்தால் அறிந்தவரல்லர். 1970களில் ஒரு விமானத்தை அப்படியே இழந்து அறிந்தவர்.

கீழ்ப்போர்வையைக் கிழித்தெடுக்க ஒருநாள் சென்றது. மூன்று விலாக்கள் முறிந்தன. தம்பி புதிதாக வெட்டினான். உதைகட்டைகளை இம்முறை அவனே வைத்தான். பதினொன்று. விரலால் தொட்டுத் தொட்டு இருமுறை எண்ணினான். எம்மையும் எண்ணச் சொன்னான். எண்ணினோம். மேலே இரும்புக் குற்றிகளும் பழைய சஞ்சிகைக் கட்டுகளும் ஏற்றி இரண்டு இரவுகள் தொடாமல் விட்டோம். உள்ளபடியே சொன்னால், அந்த இரண்டு இரவுகளே அவ்விமானத்தின் மிகக் கடினமான வேலை.

மற்றவை விரைவில் முடிந்தன. அக்காலத்திற் பட்டுத்துணி போர்த்து நெடி வீசும் அரக்குப் பூசுவார்கள். நாம் சூட்டுப்பெட்டியால் ஒட்டும் பிளாஸ்ரிக் படலத்தைப் பயன்படுத்தினோம். மெதனோலும் ஆமணக்கெண்ணெயும் குடிக்கும் பழைய இயந்திரத்துக்குப் பதிலாக மின்மோட்டாரும் லிதியம் பற்றரியும் வைத்தோம். பெரியவருக்கு அந்த ஆமணக்கெண்ணெய்ப் புகை மணம் இல்லாதது மட்டும் பெருங்குறை. வரைபடம் குறித்த புள்ளியில் இரு விரல்களால் தூக்கிப் பார்த்தபோது மூக்கு இலேசாய்த் தாழ்ந்தது. முச்சை கட்டிய பட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் அதே பார்வைதான். பற்றரியை ஒரு விரலளவு பின்னே தள்ளியதும் சமமாயிற்று.

ஏப்ரல் 29ஆந் திகதி, சனிக்கிழமை, புல்வெளிக்குப் போனோம். அண்ணரும் குளிர்ச்சட்டை அணிந்து வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கிளம்புமுன் ஒவ்வொரு துடுப்பையும் அசைத்து, அது அசையும் திசையைத் தம்பி உரக்கச் சொல்லவேண்டும் என்பது பெரியவரின் விதி. “வலம்: வலத்துடுப்பு மேலே, இடத்துடுப்பு கீழே.” அதை ஜேர்மனில் ஒருமுறையும், கேளாமலே எமக்காகத் தமிழில் ஒருமுறையும் சொன்னான்.

கட்டுப்பாட்டுப் பெட்டி பெரியவர் கையில். நடுங்கும் அந்த விரல்கள் பிடியைத் தொட்டதும் ஓய்ந்தன. ஓரியன் புல்லில் ஓடி, எவரும் தூக்கிவிடாமலே எழுந்தது. ஒரு வட்டம், இரண்டு வட்டம். பின்னர் உயரப் போய், சோம்பலாய் ஓர் உருளல் உருண்டு, எங்கள் தலைக்கு நேரே தலைகீழாக வந்தது. மோட்டாரின் இரைச்சல் கிட்ட வர, நாம் குனிந்துவிட்டோம். முழங்கால் தானாக மடங்கிற்று. அண்ணரைப் பார்த்தோம். அவர் பதுங்குகுழிக் காலத்துக்கு முன்னரே நாட்டைவிட்டுப் போனவர், அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தம்பியோ ஆகாயத்தைப் பார்க்கவில்லை. இடச் சிறகையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“விழேல்லை சித்தப்பா” என்றான்.

மேயிலே நாம் ஊர் திரும்பினோம். கல்லூரி ஆய்வுகூடத்துத் தராசுகளையும் அம்பியர்மானிகளையும் ஒவ்வொன்றாகச் சோதித்ததில் நான்கு பிழையானவை என்று கண்டு ஒதுக்கினோம். ஆவணியில் தம்பியிடமிருந்து தமிழிற் கடிதம் வந்தது. இறங்கும்போது சில்லுத் தண்டு வளைந்ததாம், தானே நிமிர்த்திவிட்டானாம், இப்போது பிடியைப் பெரியவர் அவனிடமே தருகிறாராம். அடுத்து எதைக் கட்டலாம் என்று கேட்டு, புதிய பலகை ஒன்றும் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தான். ஆக, இப்போது பலகைகள் இரண்டு.